கண்கண்ட சாட்சி

"கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நாடெங்கும் வழங்கும் பழமொழி. காதால் கேட்டது பொய்யாதல் கூடும் என்பதை யாவரும் எளிதில் ஒப்புக்கொள்வர். கண்ணால் கண்டது பொய்யாவது எங்ஙனம்? நல்ல பார்வை உடைய ஒருவர், பொய் கூறும் எண்ணம் சிறிதும் இல்லாதவர், தாம் கண்டதைக் கண்டவாறே உரைத்தால் அதில் பிழை புகுவதற்கு இடம் ஏது? வழக்கு மன்றங்கள் நெடுங்காலமாக இவ்வாறே எண்ணி வந்தன. சாட்சி மெய்யரா பொய்யரா என்பதையே வழக்கறிஞர்கள் துருவித் துருவி ஆராய்ந்தனர். மெய்யர் என்று தெரிந்துவிட்டால், அவர் சொன்னதும் மெய் என்றே கொண்டனர். மெய்யரும் பிழைபடக் கூறுவர் என்பதைச் சோதனை செய்து காட்டியது உளநூல். அச்சோதனைகளுள் பெயர்பெற்ற ஒன்று நடந்த இடம் வழக்கு மன்றம் அன்று; ஒரு வகுப்பறை.

1901-ஆம் ஆண்டில், ஜெர்மனி நாட்டின் பெர்லின் பல்கலைக் கழகத்தில், பிரான்ஸ் வான் லிஸ்ட் என்னும் பேராசிரியர் குற்றவியல் கற்பித்து வந்தார். சட்டத்தை ஆழ்ந்து பயிலும் மேல்வகுப்பு மாணவர்களே அவர்முன் அமர்ந்திருந்தனர். ஒருநாள் பேராசிரியர் ஒரு நூலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மாணவர் ஒருவர் இடைமறித்து, அந்நூலைக் கிறித்தவ அறத்தின் நோக்கில் ஆராய வேண்டும் என்று உரத்துக் கூறினார். மற்றொருவர், அதைத் தம்மால் பொறுக்க இயலாது என்று கத்தினார். சொல் முற்றியது. முன்னவர் தம்மை இழிவு படுத்திவிட்டதாகச் சினந்து எழுந்தார். பின்னவர் கைமுட்டியை ஓங்கினார். முன்னவர் கைத்துப்பாக்கியை உருவினார். பின்னவர் அவர்மீது பாய்ந்தார். பேராசிரியர் குறுக்கே புகுந்து, துப்பாக்கி ஏந்திய கையைப் பற்றினார். அந்நொடியில் துப்பாக்கி வெடித்தது. வகுப்பு முழுதும் கலங்கிக் கூச்சலிட்டது.

எவருக்கும் காயம் இல்லை. நடந்தது அனைத்தும் முன்னரே எழுதி, ஒத்திகை பார்த்து, நடித்துக் காட்டப்பட்ட நாடகம். வில்லியம் ஸ்டெர்ன் என்னும் இளம் உளநூலறிஞர் இதை வகுப்பதற்குத் துணை நின்றார். பேராசிரியர் அமைதியை நிலைநாட்டியபின், மாணவர் சிலரை அப்பொழுதே நடந்ததை எழுதுமாறு பணித்தார். சிலர் மறுநாளும், சிலர் ஒரு வாரம் கழித்தும் எழுதினர். வேறு சிலர் குறுக்கு விசாரணையில் விடை கூறினர். நாடகம் 14 சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆதலின் ஒவ்வொருவர் கூற்றையும் உண்மையோடு வைத்து எண்ணிப் பார்க்க முடிந்தது.

மிகக் குறைவாகப் பிழை செய்தவரின் கூற்றிலும் நூற்றுக்கு 26 பங்கு பிழை இருந்தது. மிகுதியாகப் பிழை செய்தவரின் கூற்றில் அது நூற்றுக்கு 80 பங்கு. வாய் திறவாமல் அமர்ந்திருந்தவர்கள் பேசியதாக எழுதப்பட்டது. எவரும் செய்யாத செயல்கள் செய்ததாகச் சொல்லப்பட்டன. கண்ணெதிரே நடந்த முக்கியமான பகுதிகள் சிலருடைய நினைவிலிருந்து அடியோடு மறைந்து போயின. நாடகத்தின் அமைதியான முற்பகுதியைக் காட்டிலும், சினமும் துப்பாக்கியும் நிறைந்த பிற்பகுதியில் பிழைகள் மிகுந்திருந்தன என்பதும் தெரிந்தது. அஞ்சத்தக்க காட்சி மனத்தில் ஆழப் பதியும் என்று மக்கள் கூறுவர். ஆழப் பதியலாம், செவ்வையாகப் பதிகிறதா என்பதே கேள்வி. இவ்வளவு பிழைகளும் செய்தவர்கள் எழுத்தறியாதவர் அல்லர். பிறருடைய சாட்சியத்தை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறுவதற்குப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தவர்கள்.

இச்சோதனையை அமெரிக்க மக்களுக்கு எடுத்துரைத்தவர் ஹியூகோ மன்ஸ்டர்பெர்க். அவர் ஜெர்மானியர், ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் உளநூல் பேராசிரியராக விளங்கியவர். 1908-ஆம் ஆண்டில் சாட்சிக் கூண்டைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரிதும் பேசப்பட்டது. அந்நூலில் அவர் பிறரைக் குறை கூறுவதற்கு முன்னர், தம்மையே எடுத்துக்காட்டாக நிறுத்தினார். குடும்பத்துடன் அவர் கடற்கரையில் தங்கியிருந்தபோது, அவருடைய வீட்டில் திருடர்கள் புகுந்தனர். வழக்கு விசாரணையில் அவர் ஆணையிட்டுச் சாட்சி சொன்னார். திருடர்கள் நிலவறையின் பலகணி வழியே புகுந்தனர் என்றார். இரண்டாம் மாடியில் மெழுகுவர்த்தித் துளிகள் கிடந்தமையால் அவர்கள் இரவில் வந்திருத்தல் வேண்டும் என்றார். பெரிய கடிகாரம் ஒன்றைத் தாளில் பொதிந்து உணவு மேசைமீது விட்டுச் சென்றனர் என்றார். களவு போன உடைகளையும் கணக்கிட்டுச் சொன்னார். சில நாள் கழித்துப் பார்த்தால், ஒன்றேனும் சரியாக இல்லை. திருடர்கள் பெயர்த்தது நிலவறைக் கதவின் பூட்டை. கடிகாரத்தைப் பொதிந்தது மேசை விரிப்பில். மெழுகு சிந்தியிருந்தது பரணில். காணாமற்போன உடைகளோ, அவர் கூறியவற்றினும் ஏழு மிகுதி. நினைவைப் பற்றி ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட பேராசிரியரின் நினைவு, தம் சொந்த வீட்டைப் பற்றியே இவ்வாறு பிழைபட்டது!

சட்ட அறிஞர்கள் இந்நூலை வரவேற்கவில்லை. சான்றுச் சட்டத்தில் ஒப்பற்றவராகக் கருதப்பட்ட ஜான் விக்மோர், 1909-ஆம் ஆண்டில் எள்ளல் மிகுந்த கட்டுரை ஒன்றை எழுதினார். வழக்கறிஞர்கள் ஒன்றுகூடி மன்ஸ்டர்பெர்க்கின்மீது மானநட்ட வழக்குத் தொடுத்ததாகவும், அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ததாகவும், இறுதியில் அவர் தோற்றதாகவும் அதில் கற்பனை செய்திருந்தார். அக்கேலியில் நியாயமும் இருந்தது. வழக்கு மன்றங்கள் உளநூலைப் பயன்படுத்தவில்லை என்று மன்ஸ்டர்பெர்க் கடிந்துரைத்தாரேயன்றி, அவை எடுத்துப் பயன்படுத்தத்தக்க முறை எதையும் வகுத்துத் தரவில்லை. சாட்சிகள் பிழைபடுவர் என்று பொதுப்படச் சொல்வதால் நீதிபதிக்குப் பயன் என்ன? எவர், எப்பொழுது, எதனால் பிழைபடுவர் என்று சொன்னாலன்றோ பயன்? இவ்வினாவிற்கு விடை காண உளநூலுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆயின.

இடைக்காலத்தில், நினைவு என்பது யாது என்னும் கருத்து மாறியது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த பிரடெரிக் பார்ட்லெட், அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைத் தம் நாட்டினரிடம் தந்து படிக்கச் செய்தார். பிறகு நினைவிலிருந்து திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். கதையில் வந்த மரத்தோணி நாளடைவில் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தல் ஆயிற்று. விளங்காத பகுதிகள் உதிர்ந்தன. எழுதியவர்கள் தமக்குப் பழக்கமான உலகத்திற்கு ஏற்பக் கதையை மாற்றிவிட்டனர். மாற்றினோம் என்பதை அவர்கள் அறியவுமில்லை. 1932-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய நூல், நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்த படம் போன்றது அன்று என்பதை நிலைநாட்டியது. பழைய வீட்டின் கற்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படும் வீட்டிற்கு அதனை ஒப்பிடலாம். கல் குறைந்தால், அருகில் கிடக்கும் வேறு கல்லை மனம் எடுத்து வைத்துவிடுகிறது.

அந்த வேற்றுக்கல் எங்கிருந்து வருகிறது? கேள்வி கேட்பவரின் வாயிலிருந்தே வரக்கூடும் என்று காட்டினார் எலிசபெத் லாஃப்டஸ் என்னும் அம்மையார். 1974-ஆம் ஆண்டில் அவரும் ஜான் பால்மரும் வெளியிட்ட சோதனை மிக எளியது. மோட்டார் வண்டிகள் மோதிக்கொள்ளும் படங்களை 45 மாணவர்களுக்குக் காட்டினர்; வண்டிகள் என்ன வேகத்தில் சென்றன என்று பிறகு வினவினர். வினாவில் ஒரே ஒரு சொல்லை மட்டும் மாற்றினர். சிலரிடம், வண்டிகள் ஒன்றையொன்று "மோதி நொறுக்கியபோது" என்ன வேகம் என்று கேட்டனர். சிலரிடம் "இடித்தபோது" என்றனர். சிலரிடம் "தொட்டபோது" என்றனர். நொறுக்கியபோது என்று கேட்கப்பட்டவர்கள் கூறிய வேகத்தின் சராசரி மணிக்கு 40 மைலுக்கும் சற்று மேல். தொட்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் கூறியதோ 31.8 மைல். கண்டது ஒரே வகைப் படங்கள். விடை மட்டும் வேறாயிற்று.

கேட்பவரின் மனம் அறிந்து விடையை மட்டும் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருக்கலாமே, நினைவு மாறியது என்பதற்கு என்ன சான்று என்று ஒருவர் கேட்கலாம். அதற்காகவே மற்றொரு சோதனை செய்யப்பட்டது. இம்முறை 150 மாணவர்கள் படம் பார்த்தனர். 50 பேரிடம் "நொறுக்கியபோது" என்றும், 50 பேரிடம் "இடித்தபோது" என்றும் கேட்டனர்; எஞ்சிய 50 பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம் கழித்து அனைவரையும் அழைத்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று வினவினர். படத்தில் உடைந்த கண்ணாடி எதுவும் இல்லை. ஆயினும், முதல் பிரிவில் 16 பேர் கண்டதாகக் கூறினர். இரண்டாம் பிரிவில் 7 பேர். மூன்றாம் பிரிவில் 6 பேர். ஒரு சொல் ஒரு வாரம் மனத்தில் தங்கிக் கண்ணாடியையே உடைத்துவிட்டது.

இவையெல்லாம் கல்லூரிக்குள் நடந்த விளையாட்டு என்று எண்ணியோர் அன்று பலர். கல்லூரிக்கு வெளியே நடந்ததைக் காண்போம்.

1984-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த பர்லிங்டன் நகரில், ஒருவன் இரவில் வீடு புகுந்து கல்லூரி மாணவி ஒருவரைக் கொடுமையாகத் தாக்கினான். அம்மாணவி அறிவும் நெஞ்சுரமும் மிக்கவர். தப்பிப் பிழைத்தால் இவனைச் சிறைக்கு அனுப்புவேன் என்று உறுதி பூண்டு, அவன் முகத்தை உற்று நோக்கி மனத்தில் இருத்தினார். பின்னர்க் காவலர் ஆறு புகைப்படங்களைக் காட்டியபோது, சில நிமிடங்கள் ஆராய்ந்து ரொனால்டு காட்டன் என்னும் இளைஞரின் படத்தைச் சுட்டினார். நன்றாகச் செய்தீர் என்று காவலர் பாராட்டினர். அடுத்து அடையாள அணிவகுப்பு நடந்தது. அதில் நின்றவருள் இருவரிடையே அவர் சற்றே தயங்கி, மீண்டும் காட்டனையே சுட்டினார். புகைப்படத்தில் காட்டியவரும் இவரே என்று அவரிடம் கூறப்பட்டது. அவர் மனத்தில் எஞ்சியிருந்த சிறு ஐயமும் அகன்றது. 1985-ஆம் ஆண்டில் மன்றத்தில் அவர் சிறிதும் ஐயமின்றிச் சாட்சி கூறினார். காட்டனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

சிறையில் காட்டன் தம்மைப் போன்ற தோற்றமுடைய மற்றொரு கைதியைக் கண்டார். அக்குற்றத்தைச் செய்தவன் தானே என்று அக்கைதி பிறரிடம் சொன்னதாகவும் செய்தி வந்தது. வழக்கு 1987-ஆம் ஆண்டில் மீண்டும் விசாரிக்கப்பட்டது. அக்கைதியை மன்றத்தில் கொணர்ந்து மாணவியின் எதிரே நிறுத்தினர். இவனை ஒருபோதும் கண்டதில்லை என்றார் அவர். காட்டன் மறுபடியும் தண்டிக்கப்பட்டார். 1995-ஆம் ஆண்டில், பாதுகாத்து வைக்கப்பட்டிருந்த தடயங்கள் மரபணுச் சோதனைக்கு உள்ளாயின. குற்றவாளி அந்தக் கைதியே என்பது வெளியாயிற்று. செய்யாத குற்றத்திற்காகப் பத்தரை ஆண்டுகள் சிறையில் கழித்தபின் காட்டன் வெளியே வந்தார்.

மாணவி பொய் சொல்லவில்லை. கவனக் குறைவும் இல்லை. பிழை எங்கே நேர்ந்தது?

இத்தகைய வினாவை முறையாக எழுப்பியவர் கேரி வெல்ஸ் என்னும் உளநூலறிஞர். 1978-ஆம் ஆண்டில் அவர் வகுத்த பாகுபாடு ஒன்று, இத்துறையின் போக்கையே மாற்றியது. சாட்சியின் நினைவைப் பாதிப்பவை இருவகை. குற்றம் நடந்தபொழுது இருந்த வெளிச்சம், தொலைவு, அச்சம், நேரம் முதலியன ஒருவகை. அவற்றை எந்த அரசாங்கமும் மாற்ற இயலாது. இருட்டில் திருடாதே என்று திருடனுக்கு ஆணையிட முடியுமா? குற்றம் நடந்தபின் காவலர் கேட்கும் கேள்வி, காட்டும் படங்கள், நடத்தும் அணிவகுப்பு ஆகியன மற்றொரு வகை. இவற்றை மாற்றலாம், செலவும் மிகுதியன்று. ஆராய்ச்சியின் பயனை நாட்டுக்குத் தர விரும்புவோர் இரண்டாம் வகையில் கருத்தைச் செலுத்த வேண்டும் என்றார் அவர். விக்மோர் கேட்ட கேள்விக்கு இதுவே தக்க விடையாயிற்று.

முதலில், அணிவகுப்பைக் காணும் சாட்சியின் மனம் எவ்வாறு வேலை செய்கிறது என்று ஆராய்ந்தனர். காவலர் அழைத்திருப்பதனால், குற்றவாளி இவர்களுள் ஒருவனாக இருத்தல் வேண்டும் என்று சாட்சி தாமாகவே முடிவு செய்துகொள்கிறார். பின்னர், நினைவில் உள்ள முகத்துக்கு மற்றவரைக் காட்டிலும் மிகுதியாக ஒத்திருப்பவர் எவர் என்று ஒப்பிடுகிறார். குற்றவாளி வரிசையில் இருந்தால் இம்முறை பயன்படும். இல்லாவிட்டால்? சோதனைக்காக நடித்துக் காட்டப்பட்ட திருட்டுகளில், குற்றவாளியாக நடித்தவரை வரிசையிலிருந்து நீக்கிப் பார்த்தனர். எவரும் இல்லை என்று சொல்ல வேண்டிய சாட்சிகளுள் பெரும்பாலோர், எஞ்சியவருள் ஒருவரைச் சுட்டினர். காட்டனின் வழக்கில் உண்மைக் குற்றவாளியின் படம் முதல் வரிசையில் இல்லவே இல்லை. மேலும், படங்களிலும் அணிவகுப்பிலும் இருமுறையும் இடம் பெற்றவர் காட்டன் ஒருவரே. இரண்டாம் முறை மாணவிக்குப் பழக்கமாகத் தோன்றிய முகம், தாக்கியவனுடையது அன்று. புகைப்படத்தில் அவர் கண்ட முகம்.

அடுத்தது, அணிவகுப்பை நடத்துபவரைப் பற்றியது. இதனை விளக்க ஒரு குதிரையின் கதை உதவும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்னும் குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால், விடை எத்தனையோ அத்தனை முறை அது குளம்பால் தரையைத் தட்டும். ஏமாற்று எதுவும் இல்லை என்று அறிஞர் குழுவே கூறியது. ஆஸ்கர் ப்ஃபுங்ஸ்ட் என்னும் இளைஞர் பொறுமையாக ஆராய்ந்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை! சரியான எண் வந்ததும் கேட்பவர் தம்மை அறியாமல் தலையைச் சிறிதே அசைப்பர். அதைக் கண்டு குதிரை நிறுத்திவிடும். குதிரை கண்டுகொள்ளும் குறிப்பை மனிதர் காணமாட்டாரா? ஆகவே, ஐயத்திற்கு உரியவர் யார் என்று அறியாத காவலரே அணிவகுப்பை நடத்த வேண்டும் என்று உளநூலறிஞர் வற்புறுத்தினர். காவலர் வஞ்சகர் என்பது இதன் பொருள் அன்று. ஹான்ஸின் உரிமையாளரும் வஞ்சகர் அல்லர்.

மூன்றாவது, பாராட்டுரை. 1998-ஆம் ஆண்டில் வெல்ஸும் ஏமி பிராட்ஃபீல்டும் ஒரு சோதனையை வெளியிட்டனர். அதில் சாட்சிகளாக இருந்தோர் அனைவரும் தவறான படத்தையே சுட்டினர்; சரியான படம் அங்கு வைக்கப்படவே இல்லை. சிலரிடம் மட்டும், நன்று, சரியானவரைச் சுட்டினீர் என்று கூறினர். பிறகு வினவியபோது, அவ்வாறு பாராட்டப்பட்டவர்கள் தொடக்கம் முதலே உறுதியாக இருந்ததாகக் கூறியதோடு நில்லாமல், குற்றவாளியை நன்றாகப் பார்க்க முடிந்தது என்றும், உன்னிப்பாகக் கவனித்தோம் என்றும் சொன்னார்கள். ஒரு பாராட்டு, சென்ற காலத்தின் வெளிச்சத்தையே கூட்டிவிட்டது. மன்றத்தில் நடுவர்கள் காண்பது இவ்வாறு ஊதிப் பெருத்த உறுதியையே.

மரபணுச் சோதனை வந்திராவிட்டால், இவ்வாராய்ச்சிகள் நூலகத்தோடு நின்றிருக்கும். வெல்ஸும் பிறரும் அச்சோதனையால் விடுதலை பெற்ற 40 பேரின் வழக்குகளை ஆராய்ந்தபோது, 36 வழக்குகளில் சாட்சிகளின் தவறான அடையாளமே காரணமாக இருந்தது தெரியவந்தது. 1999-ஆம் ஆண்டில் அமெரிக்க நீதித்துறை, காவலரையும் வழக்கறிஞரையும் உளநூலறிஞரையும் ஒருங்கே அமர்த்தி ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது. குற்றவாளி இவ்வரிசையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. எத்துணை எளிய வாக்கியம்! இதனைச் சொன்னால் தவறான தேர்வுகள் வெகுவாகக் குறைகின்றன என்பது சோதனைகளில் கண்ட உண்மை.

எல்லாக் கேள்விகளும் தீர்ந்துவிடவில்லை. படங்களை ஒருங்கே காட்டாமல் ஒவ்வொன்றாகக் காட்டினால் ஒப்பிடும் பழக்கம் குறையும் என்று 1985-ஆம் ஆண்டில் ராட் லிண்ட்சேயும் வெல்ஸும் கண்டனர். பல மாநிலங்கள் அம்முறையை ஏற்றன. பின்வந்த ஆராய்ச்சியாளர் சிலர், அம்முறையால் தவறான தேர்வுகளோடு சரியான தேர்வுகளும் குறைகின்றன என்று வாதிட்டனர். 2014-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியல் கழகத்தின் குழு ஒன்று இருதரப்பையும் ஆராய்ந்து, எது மேல் என்று கூறத் தக்க சான்று இன்னும் இல்லை என்று வெளிப்படையாக எழுதியது. சாட்சியின் உறுதியைப் பற்றிய கருத்தும் திருத்தம் பெற்றது. மன்றத்தில் மாதங்கள் கழித்துக் காட்டும் உறுதிக்கு மதிப்புக் குறைவு. ஆனால், செவ்வையாக நடந்த முதல் அணிவகுப்பில், எவரும் எதுவும் கூறுமுன் சாட்சி தெரிவிக்கும் உறுதி பெரிதும் நம்பத்தக்கது. ஆகவே, அதனை அவ்விடத்திலேயே அவருடைய சொற்களில் எழுதிவைக்க வேண்டும் என்று அக்குழு பரிந்துரைத்தது. சாட்சியை முற்றும் நம்பு என்பதும் முற்றும் நம்பாதே என்பதும் ஆகிய இரண்டும் பிழையே.

காட்டன் விடுதலை பெற்ற இரண்டு ஆண்டுகளுக்குப்பின், அம்மாணவி அவரை ஒரு தேவாலயத்தில் சந்தித்து மன்னிப்பு வேண்டினார். தாம் முன்னரே மன்னித்துவிட்டதாகக் காட்டன் கூறினார். அதன்பின் இருவரும் நண்பராயினர். பல ஊர்களுக்கும் சென்று ஒரே மேடையில் பேசினர். 2009-ஆம் ஆண்டில் தம் கதையைச் சேர்ந்து நூலாகவும் வெளியிட்டனர். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 2007-ஆம் ஆண்டில், அவ்வழக்கு நடந்த வட கரோலினா மாநிலத்தின் சட்டமன்றம், ஐயத்திற்கு உரியவரை அறியாத ஒருவரே அடையாள அணிவகுப்பை நடத்த வேண்டும் என்றும், குற்றவாளி அதில் இல்லாமலும் இருக்கலாம் என்று சாட்சியிடம் சொல்ல வேண்டும் என்றும் சட்டம் இயற்றியது.